ஆறு பிள்ளைகளின் சப்பாத்து

சும்மா நிற்பது எனக்கு வராத தொழில். யாராவது பெட்டி தூக்கினால் என் கையும் கூடவே போகும். இந்தக் குணத்தால் வின்டர்தூர் நகரில் ஒரு வகுப்பையே ஒரே நாளில் கெடுத்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களுக்கு முந்திய கதை. என் மகள் ஆரணிக்கு அப்போது ஒன்பது வயது. எதையும் மெதுவாகக் கற்பாள். கற்றதை விடுமுறையில் வேகமாக மறப்பாள். முந்தைய கோடையின் ஐந்து வார விடுமுறையில் சப்பாத்துப் போடப் பழகியது முழுவதும் போய்விட்டது. மறுபடி பழக மார்கழி ஆனது. அதனால் அவளுடைய சிறப்புப் பள்ளி அவளையும் சேர்த்து ஏழு பேருக்கு அந்தக் கோடை விடுமுறையிலும் வகுப்பு வைத்தது. ஒருநாள் உதவியாளருக்குக் காய்ச்சல். பெற்றோரில் யாராவது வர முடியுமா என்று கேட்டார்கள்.

"நீங்கள் போகாதேங்கோ," என்றாள் மனைவி. "உங்களுக்குச் சும்மா நிக்கத் தெரியாது."

(மனைவி சொல்லே மந்திரம் என்பது அன்று நினைவுக்கு வரவில்லை.)

ஆசிரியை ஃப்ராவ் மையர் சுவரில் நேரசூசி ஒட்டியிருந்தார். சப்பாத்துப் போட அரை மணி நேரம். கரட் வெட்ட ஒரு மணி நேரம்! நானோ உணவகச் சமையலறையில் வருடக்கணக்காகக் கரட் வெட்டியவன். மணிக்கூடு செய்யத் தெரிந்த நாட்டில் நேரத்தின் அருமை தெரியவில்லையே என்று இரக்கப்பட்டேன்.

அன்று ஒரு சிறுமி அழுதுகொண்டே இருந்தாள். அவளோடு ஆசிரியை பெரும்பாலும் அடுத்த அறையில். மிச்சம் ஆறு பேரும் என் கையில். சப்பாத்து வேலையை நாலு நிமிடத்தில் முடித்தேன். கரட்டுக்கு மூன்று நிமிடம். மதியம் மக்ரோனியைக் கரண்டியில் எடுத்து, "ஆ காட்டு," என்று ஆரணிக்குத் தீத்தினேன். அடுத்த நிமிடம் மேசையைச் சுற்றி ஆறு வாய்களும் குருவிக்குஞ்சுகள் மாதிரித் திறந்திருந்தன.

மறுநாள் காலை ஃப்ராவ் மையர் தொலைபேசியில் கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து, மினுக்கிய சேர்ட்டும் ஒரு பெட்டி சொக்லேட்டுமாகப் போனேன்.

வகுப்பறையின் நீள வாங்கில் ஆறு பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். பன்னிரண்டு கால்களும் எனக்காக நீட்டியபடி. என்னைக் கண்டதும் ஒரே கைதட்டல்.

"காலையிலிருந்து இப்படித்தான்," என்றார் ஃப்ராவ் மையர். "சப்பாத்துப் போடத்தான் விடுமுறையிலும் இங்கே வருகிறார்கள். அதை நீங்கள் போட்டுவிட்டால் அவர்களுக்கு இங்கே என்ன வேலை?"

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. முதலாவதாக நீண்டிருந்தவை ஆரணியின் கால்கள். பாடுபட்டுப் பழகியதை நானே பறித்துவிட்டேனோ என்று நினைத்தேன். பதறிக் குனிந்து அவள் சப்பாத்தை எடுத்தேன்.

"வேண்டாம். கைகளைக் காற்சட்டைப் பொக்கெற்றுக்குள் வையுங்கள்."

வைத்தேன்.

"அப்பா, போட்டு விடுங்கோ," என்று ஆரணி காலை ஆட்டினாள்.

"நேரம் இருக்கு, பிள்ளை. நீ போடு."

பத்து நிமிடம் என்னை முறைத்துவிட்டுக் குனிந்தாள். இடது சப்பாத்துக்குள் வலது கால் போனது. பொக்கெற்றுக்குள் என் விரல்கள் துடித்தன. கழற்றினாள், மாற்றினாள், லேசையும் கட்டினாள். மறக்கவில்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கையை வெளியே எடுக்கவும் பயம்.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதற்காவது கையை நீட்டினால், "பொக்கெற்!" என்பாள் மனைவி. உறவினர்கள் கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆரணி இப்போது ஒரு கன்ரீனில் வேலை செய்கிறாள். தனியாகவே போய் வருகிறாள். போன குளிர்காலத்தில் இருவரும் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஸ்டேஷனில் என் ஜக்கெட்டின் சிப் இறுகிவிட்டது. ரயிலும் வந்துவிட்டது.

"பிள்ளை, இதை ஒருக்கா இழுத்து விடன்," என்றேன்.

ஆரணி இரண்டு கைகளையும் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

"நேரம் இருக்கப்பா. நீங்களே போடுங்கோ."

நான் சிப்போடு போராடி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்திருந்தது.