தொண்ணூறு சதவீத ஜாவா

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நுழைந்து பாருங்கள். நாற்பது வீட்டுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் அவர் தென்படுவார். அரைக்கால் சட்டை, கையில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி, எதிரே சக்கரம் இல்லாத ஒரு பழைய மோட்டார் சைக்கிள். மெக்கானிக் என்று நினைத்துவிடாதீர்கள். மெக்கானிக் வண்டியை முடித்துக் கொடுத்துவிடுவார். இவர் வேறு ரகம். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘கொஞ்சம் வேலைதான் பாக்கி’க்காரர்.

பழைய வண்டியை வாங்கினேன் என்று இவர் ஒருநாளும் சொல்லமாட்டார். ‘கிடைச்சுது’ என்பார், ஏதோ கடற்கரையில் நடந்து போகும்போது அலை கொண்டுவந்து காலடியில் ஒதுக்கிவிட்டுப் போனதைப்போல. கிடைத்த முதல் வாரமே அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுவார். பிரிப்பதில் இவரை அடிக்க ஆளில்லை. பிரித்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் பிஸ்கட் டப்பாவிலும் போட்டு, ஒவ்வொன்றின்மேலும் பேர் எழுதி ஒட்டி, வரிசையாக அடுக்கி, எட்ட நின்று பார்த்து, ஒரு டீ குடிப்பார். அதற்குப் பிறகு வருஷங்கள் போகும்.

எவ்வளவு முடிந்திருக்கிறது என்று கேளுங்கள். தொண்ணூறு சதவீதம். போன தீபாவளிக்குக் கேட்டபோதும் தொண்ணூறு, அதற்கு முந்தைய புயலில் கேட்டபோதும் தொண்ணூறு. என்ன விலை பெறும் என்று கேளுங்கள். அங்கேதான் இவர் மலர்வார். விற்பதற்கு இல்லை என்று முதலில் சொல்லுவார், பிறகு விலையைச் சொல்லுவார். பெங்களூரில் யாரோ ஒருவர், முழுதாய்ச் செய்து முடித்துப் பளபளவென்று ஓடுகிற அதே மாடல் வண்டியை மூன்று லட்சத்துக்கு விற்றதை செல்போனில் பார்த்திருப்பார். அன்றிலிருந்து இவருடைய வண்டியும் மூன்று லட்சம். அது ஓடுகிறது, இது ஓடவில்லை என்பது இவருக்கு ஒரு பொருட்டா? அதோடு, போன மாசம் ஒருத்தர் வந்து ரெண்டே கால் கேட்டார், நான் தரவில்லை என்பார். அந்த ஒருத்தரைத் தெருவில் வேறு யாரும் பார்த்ததில்லை.

இவ்வளவு திட்டமாக உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் கூடப் பிறந்தவனே ஒருவன்.

தம்பி ஜெஸ்வினைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லுகிறேன். துறைமுகத்துக்குள் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் ஃபிட்டர். ஐந்து மாடி உயர கிரேன் பாதியில் நின்று, கப்பல் காத்துக்கிடந்து, ஆபீசர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது இவன் ஸ்பானரோடு மேலே ஏறுவான். ஒரு ஷிஃப்டு முடிவதற்குள் கிரேன் ஓடும். நான் பத்தாவதோடு நின்றவள், மிஷின் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் ஊரான் கிரேனை எட்டு மணி நேரத்தில் ஓடவைக்கிறவன், சொந்த ஜாவா மோட்டார் சைக்கிளை ஒன்பது வருஷமாக ஓடவைக்கவில்லை என்ற கணக்கு எனக்குத் தெரியும்.

அவன் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலு தெருதான். இடது சைலன்சருக்கு க்ரோம் ஏற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு வலதுக்குக் காசு சேர்ப்பதற்குள், உப்புக்காற்று இடதைத் தின்றுவிடும். வலது பளபளக்கும்போது இடது சிவந்திருக்கும், இடதைச் சரிசெய்தால் வலது. இரண்டும் ஒரே நாளில் வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை.

இப்படியே போயிருக்கும். நடுவில் நைட்டி வந்தது.

ஜெஸ்வினின் மனைவி பெனிஷா சாத்தான்குளத்துப் பெண், தையலில் கைதேர்ந்தவள். வண்ணாரப்பேட்டையில் ஒரு யூனிட்டில் ஆறு வருஷம் பிறத்தியாருக்குத் தைத்துக்கொடுத்தவள், முதல்முறையாகச் சொந்தமாக ஒரு ஆர்டர் பிடித்தாள். நானூறு நைட்டி. இரண்டு பவர் மிஷின் தவணைக்குச் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு மிஷின் வரும், பத்து மணிக்கு மொத்த வியாபாரியின் ஆள் வந்து பார்ப்பார். மிஷின் இறங்கி நின்றால் துணிக்கட்டு இறங்கும். நிற்காவிட்டால் கட்டு அடுத்த சந்தில் இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விடும். மிஷின் போடுகிற மாதிரி வீட்டில் இருப்பது முன்னறை ஒன்றுதான். முன்னறையில் இருப்பது ஜாவா.

“ஏங்க, மிசின நான் எங்க வைக்க? உங்க டேங்கு மேலயா?” என்றாள் பெனிஷா.

ஜெஸ்வின் நல்லவன். பெண்டாட்டி பிழைப்புக்குக் குறுக்கே நிற்பவன் இல்லை. “வித்துடறேன்” என்றான். எனக்கே கண் கலங்கியது. உடனே, “சரியான விலை வந்தா” என்று சேர்த்துக்கொண்டான். கண் காய்ந்தது. இந்த ரகத்தாரின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தச் ‘சரியான விலை’தான். அதை வைத்துக்கொண்டு இவர்கள் எந்த வண்டியையும் ஆயுசுக்கும் விற்காமல் காப்பாற்றிவிடுவார்கள்.

விலையை முறையாகப் போடுவோம் என்று நானே ஒரு நீட்டு நோட்டில் பட்டியல் எழுதினேன். வாஷர், நட்டு உட்பட முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படி. வாங்கிய ரசீதுகள் எண்பத்தேழாயிரத்து நானூறு. இதோடு நிறுத்தியிருக்கலாம். “என் உழைப்பு?” என்றான். ஒன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணச் சொன்னான். ஈஸ்டர், குருத்தோலை ஞாயிறு, சொந்தக்காரர் கல்யாணம், வெள்ளம் எல்லாம் கழித்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தது. ஞாயிறு லீவு நாள், அதனால் துறைமுக ஓவர்டைம் ரேட்டில், நாளுக்கு அறுநூறு போடச் சொன்னான். அதில் பாதி டீ குடித்த நேரம், கழித்துவிடு என்றேன். டீ குடிக்கும்போதும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். மொத்தம் மூன்று லட்சத்து இருபத்திரண்டாயிரம். “வர்றவங்களுக்கு ரெண்டே முக்கால்னு சொல்லுவோம், அக்கா. பாவம்” என்றான்.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் வாங்குபவர் வந்தார். டில்லிபாபு என்று பேர். எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், வீடு திருவொற்றியூர். வாசலில் செருப்பை விட்டவர் நேரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா நைனா, வண்டி ஓடுமா?”

“ஓடும்ணே.”

“எப்ப?”

தம்பியின் முகம் சுருங்கியது. இந்த ரகத்தாரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது ஒன்றுதான்.

“தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சிருச்சுண்ணே.”

“கிராங்க் போட்டுட்டியா?”

“அது மட்டும் போடணும்.”

“ஒயரிங்கு?”

“அதுவும் மட்டும்.”

“சீட்டு?”

“சொல்லி வச்சிருக்கேன்.”

“கிராங்க் இல்ல, ஒயரிங்கு இல்ல, குந்திகினு போக சீட்டு இல்ல. அப்பால இன்னா மாமு தொண்ணூறு? பெயிண்ட்டா?”

விலையைச் சொன்னதும் டில்லிபாபு சிரிக்கவில்லை. அது ஒரு நல்ல குணம். “முப்பத்தஞ்சு” என்றார்.

“முப்பத்தஞ்சு என்னதுண்ணே?”

“ஆயிரம். கடைல எடைக்குப் போட்டா இத்தக்கூடத் தரமாட்டான். சும்மா பேஜாரு பண்ணாத.”

பிறகு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து குறை சொல்ல ஆரம்பித்தார். இந்த கிளட்ச் பிளேட்டில் ஒன்று வேறு வண்டியுடையது, இந்த ஸ்பிரிங் டூப்ளிகேட், இந்தச் செயின் கவர் அறுபத்தேழு மாடலுக்குச் சேராது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொன்னார். லாரி ஓட்டுகிறவருக்கு ஜாவாவின் வயிற்றுக்குள் இத்தனை பழக்கம் எப்படி? எனக்குச் சந்தேகம் தட்டியது. பெனிஷாவுக்கு எனக்கு முன்பே தட்டியிருக்கிறது. கழுத்தில் டேப்போடு கதவருகில் நின்றவள் கேட்டாள்:

“அண்ணாச்சி, உங்க வீட்லயும் ஒண்ணு நிக்கா?”

டில்லிபாபு டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார். “கீதும்மா. அறுபத்தொம்போது மாடலு.”

“ஓடுதா?”

“கொஞ்சம் வேலைதாம்மா பாக்கி. மீட்டரு ஒண்ணு ஒரிஜினலா கெடச்சா முடிஞ்சுது. அத்துக்குத்தான் வந்தேன்.”

“அது என்ன விலை பெறும்?”

“மூணுக்கு ஒத்தப் பைசா கம்மியாக் குடுக்கமாட்டேன். பெங்களூர்ல ஒர்த்தரு கேட்டுகினே கீறாரு.”

“மூணா?” என்றான் ஜெஸ்வின். “ஓடாத வண்டிக்கா?”

“நீ இப்போ இன்னா வெல சொன்ன?”

“என்னோடது வேறண்ணே.”

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ரகத்தார் தங்கள் வண்டிக்கு அது முடியப்போகிற நாளின் விலையைப் போடுவார்கள். பிறத்தியார் வண்டிக்கு அது கிடக்கிற கோலத்தின் விலையைப் போடுவார்கள். இரண்டுமே நேர்மையான விலைதான். இரண்டுக்கும் நடுவில் விற்பனை என்பது மட்டும் நடக்காது.

டில்லிபாபு கடைசியாக, மீட்டரை மட்டும் ஆறாயிரத்துக்குத் தரச் சொன்னார். “தனியாக் குடுத்தா வண்டியோட மதிப்பு கெட்டுரும்ணே” என்றான் தம்பி, முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு. அவர் எழுந்து செருப்பைத் தேடினார். மணி பன்னிரண்டு. பெனிஷா கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். நானூறு நைட்டியும் அடுத்த சந்துக்கு நடந்து போவது அவள் கண்ணில் தெரிந்தது.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம். உங்க வண்டி எங்க நிக்கி?”

“வூட்டுக்குப் பின்னாடி ஷெட்டும்மா. எங்க அப்பா வலை போட்டு வெச்ச எடம்.”

“ரெண்டு வண்டி கொள்ளுமா?”

“நாலு கொள்ளும்.”

“அப்பம் ரெண்டு பேருமே விக்காதீங்க. இத எவனாவது தனித்தனியா விப்பானா? அண்ணாச்சிட்ட ஒரு ஜாவா, உங்ககிட்ட ஒரு ஜாவா. ஒரே ஷெட்ல நிப்பாட்டுங்க. மீட்டர ஒரு மாசம் அவுகளுக்கு இரவல் குடுங்க, அவுக உங்களுக்கு கிராங்க் போட்டுத் தரட்டும். ஜோடியா வித்தா என்ன பெறும்?”

இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

“ஜோடின்னா ஆறு” என்றான் தம்பி.

“ஆறரை” என்றார் டில்லிபாபு. “ஜோடி எங்கியுமே கெடைக்காது நைனா.”

அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

மூன்று மணிக்கு வாசலில் ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டி வந்து நின்றது. வாடகை டில்லிபாபு கொடுத்தார், விலை ஏறப்போகிற சரக்குக்கு வாடகை கொடுக்க யார் யோசிப்பார்கள்? நான் வாசலில் நோட்டோடு நின்று ஒவ்வொரு உருப்படிக்கும் டிக் போட்டேன். நூற்று நாற்பத்தேழாம் எண், ஒரு வாஷர், காணவில்லை. அது வராமல் வண்டி கிளம்பக் கூடாது என்று டிரைவரை இருபது நிமிஷம் நிறுத்திவைத்தேன். தம்பியின் சட்டைப் பையில் இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மிஷின் இறங்கியது. பத்து மணிக்கு வந்த ஆள் முன்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தரையில் இருந்த எண்ணெய்க் கறையைக் காட்டி அது என்ன என்றார். “பழைய குடித்தனக்காரர் விட்டது” என்றாள் பெனிஷா. துணிக்கட்டு இறங்கியது. பத்தொன்பதாம் நாள் நானூறு நைட்டியும் போயின. இப்போது இரண்டாவது ஆர்டர் ஓடுகிறது. மிஷின் மோட்டார் ஒருமுறை நின்றபோது ஜெஸ்வின் பத்தே நிமிஷத்தில் சரிசெய்தான் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜாவாக்கள் நலம். ஞாயிறுதோறும் தம்பி திருவொற்றியூருக்கு ரயிலேறுகிறான். இரண்டும் தலைக்குத் தொண்ணூறு, ஆக மொத்தம் நூற்றெண்பது சதவீதம் முடிந்துவிட்டது. எதை முதலில் ஓட்டுவது என்பதில்தான் பேச்சு நீள்கிறது, அதனால் மீட்டர் இன்னும் மாட்டப்படவில்லை. ஜோடியின் விலை போன வாரம் ஏழு ஆகியிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து உங்கள் மொட்டைமாடிக்கு ஒருமுறை போய்வாருங்கள். நாலு மூலையிலும் தூண்கம்பி வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறதா? மேல்மாடி எழுப்புவதற்காக விட்டுவைத்தது, இல்லையா? எத்தனை வருஷம் ஆகிறது என்று நான் கேட்கவில்லை. போன தடவை புரோக்கர் வந்து வீடு என்ன விலை பெறும் என்று விசாரித்தபோது, நீங்கள் சொன்ன தொகையில் அந்த மேல்மாடியும் சேர்ந்திருந்ததா என்றும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லுகிறேன். அந்தக் கம்பியில் வெள்ளை வேட்டி காயப்போடாதீர்கள். துருக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது.