ஒரு தடவை பார்த்தால் போதும்

டி.வி.யில் படத்தின் பெயர் வந்ததுமே பல் டாக்டர் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"இது பார்த்த படம்மா. பார்த்த படத்தை யாராவது திரும்பப் பார்ப்பாங்களா? பிடுங்கின பல்லை மறுபடியும் பிடுங்கற மாதிரில்ல இருக்கு!"

அது அவருடைய கொள்கை. எந்தப் படமும் ஒரு தடவைதான். ஒவ்வொரு சீனும் அப்படியே மனசில் நிற்கும் என்று கிளினிக்கில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமெல்லாம் சொல்வார். அவர்களால் மறுத்துப் பேச முடியாது.

உண்மையில், இந்தப் படத்தைப் பார்த்தாரா என்பது அவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கெடக்கூடாது, அவ்வளவுதான்.

"பரவாயில்லையே, ஞாபகம் வச்சிருக்கீங்களே! கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க டிக்கெட் எடுத்த படமாச்சே" என்று மனைவி ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. ரெண்டு பேரும் சேர்ந்து போன படமா? மறந்துவிட்டது என்று சொன்னால் தூக்கம் மட்டுமா போகும், வீட்டு நிம்மதியும் சேர்ந்தல்லவா போகும்!

"அதைப் போய் மறப்பேனா!" என்று மறுபடி உட்கார்ந்தார்.

லீவுக்கு வந்திருந்த மச்சினி தரையில் உட்கார்ந்து நகச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பிரஷ் பாதி நகத்தில் நின்றது.

"எந்த வரிசை, சொல்லுங்க பார்ப்போம்?" என்றாள் மனைவி.

"கடைசி வரிசை. ஓரத்து சீட்டு."

"அடேயப்பா! அப்புறம்?"

அந்த 'அடேயப்பா' அவருக்குத் தெம்பு கொடுத்தது.

"அப்புறம் என்ன, அந்த அம்மா செத்துப்போற சீன்ல நீ ஒரே அழுகை. கைக்குட்டை கொடுத்தேனே!"

எந்தப் படத்திலும் ஒரு அம்மாவாவது சாவாள் என்ற தைரியம்தான்.

"அழுதது என்னவோ வாஸ்தவம்தான்" என்றாள் மனைவி மெதுவாக. "கைக்குட்டையும் வாஸ்தவம்."

டாக்டர் குஷியாகிவிட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"வெளியில வந்தா கொட்டற மழை. ஒரே குடை. உன்னை நனைய விடாம நான் பாதி நனைஞ்சுக்கிட்டே வந்தேன்."

"ஐயோ பாவம். சளி பிடிச்சிருக்குமே?"

"பிடிக்காமலா? ஒரு வாரம் இருமினேன்!"

"அது நல்ல வெயில் காலமாச்சேங்க?"

"திடீர் மழைம்மா! சந்தேகமா இருந்தா உன் தங்கச்சியையே கேளு. உன்னை வீட்டுல கொண்டுவந்து விட்டப்போ கதவைத் திறந்ததே இவதான்!"

மச்சினி பிரஷைப் பாட்டிலுக்குள் வைத்து நிதானமாக மூடினாள்.

"நான் எப்படி மாமா கதவைத் திறந்திருப்பேன்? நீங்க யாருக்கோ பல்லைப் பிடுங்கணும்னு வராமலே இருந்துட்டீங்க. தியேட்டர் வாசல்ல நின்னு அழுதுட்டிருந்த அக்காவுக்குக் கைக்குட்டையைக் கொடுத்து, உங்க சீட்டுல உக்காந்து முழுப் படத்தையும் பார்த்துட்டு வந்தவளே நான்தானே!"