தசமத்தில் வந்த மருமகன்

மனைவியின் தம்பி பூபாலசிங்கத்தைச் சம்பந்தியாக்குவதில்லை என்று சவுந்தரநாயகம் சபதம் எடுத்தார். மனதுக்குள்தான். மகள் சிவமணியை அவன் மகனுக்குக் கொடுத்தால், வவுனியாவில் கொழும்புக்கு வர ராணுவத்தின் பாஸுக்குக் காத்திருக்கும் மச்சான் குடும்பம் மொத்தமும் உரிமையோடு அவருடைய வெள்ளவத்தை பிளாட்டுக்குள் வந்து இறங்கிவிடும். இருப்பதோ ஒரேயொரு குளியலறை.

இதை மனைவி அன்னபாக்கியத்திடம் வாயால் சொல்ல அவருக்குப் பைத்தியமா? கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர். சாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராமும் அவர் எழுதியதுதான். அறுபது மார்க்குக்குக் குறைந்தால் கல்யாணம் இல்லை.

புரோகிராமுக்குள் பிள்ளைகளின் கணக்கு 59.8 என்று வந்தது. திரையில் முழு எண் மட்டுமே தெரியும்; அரைக்கு மேல் போனால் அடுத்த எண்ணுக்கு உயர்த்திவிடும். சவுந்தரநாயகம் அந்த ஒரு வரியை மாற்றினார். உயர்த்தாதே, தசமத்தை வெட்டி எறி!

“ஒரேயொரு மார்க்கால போச்சு, பாக்கியம். மெசின் சொல்லுது, நான் என்ன செய்ய?”

“ஓம், மெசின் பொய் சொல்லாதுதானே.”

அழுகை இல்லை, சண்டை இல்லை.

அடுத்த வாரம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எங்கட பொருத்தத்தையும் ஒருக்காப் பாருங்கோவன்.”

அவள் சொன்ன பிறந்த நேரத்தைத் தட்டினார். 59.

“அப்ப நாங்களும் பொருத்தமில்லை. நான் வவுனியாவுக்குத் தம்பியிட்டைப் போறன். நீங்கள் சமைச்சுச் சாப்பிடுங்கோ.”

“பொறும், பொறும்! தசமத்தை வெட்டினதால வந்த பிழை. கிட்டின எண்ணுக்கு மாத்தினாச் சரி!”

மாற்றினார். 60. பெருமூச்சு விட்டார்.

“இனிப் பிள்ளையளின்ரையைப் போடுங்கோ.”

அதுவும் 60. அன்றைக்கே வவுனியாவுக்குப் போன் போனது.

போன் வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. “உம்மட சாதகம் இடம்பெயரேக்கை வீட்டோட போனதெல்லோ? பிறந்த நேரம் எப்பிடித் தெரியும்?”

“ஆருக்குத் தெரியும்? பொருத்தம் பாக்க வாற சனத்துக்கு நான்தானே தட்டிக் குடுக்கிறது. மாத்தாத புரோகிராம் கிடக்கிற பழைய பிளாப்பியில அறுபதும், நீங்கள் கைவைச்சதில ஐம்பத்தொன்பதும் வாற நேரமாத் தேடி எடுத்தனான்.”