வெட்டு ஒன்று, துண்டும் ஒன்று

என் பயத்துக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பாசத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு, தங்கள் அக்கா மகள் எழுதுவது.

இங்கு நான் நலம், என் வேலையும் நலம். அங்கு தங்கள் நலமும், அத்தையின் மணிக்கட்டு வீக்கம் வடிந்த சேதியும் அறிய ஆவல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து தாங்கள் யாரிடமும் பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பதாக அத்தை சொன்னார். தயவுசெய்து அதை இறக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். இந்த வாரம் என் வேலை பிழைத்தது தங்களால்தான்.

"இவ படிச்சது போதும், கட்டிக் குடுத்துரலாம்" என்று வீடே ஒரே ராகத்தில் பாடியபோது, "அவ ஆராய்ச்சிக்குப் போறா, அவ்வளவுதான்" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசி என்னை வண்டி ஏற்றியவர் தாங்கள். அந்த நன்றி என் ஆயுசுக்கும் உண்டு. ஆனால் அந்தப் பழமொழியையும் என் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டீர்களே, வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்குக் கொடுத்த வேலை ஒரு கிருமியின் டி.என்.ஏ.வுக்கு வரைபடம் போடுவது. அது கண்ணுக்குத் தெரியாத சரக்கு, டேப் வைத்தெல்லாம் அளக்க முடியாது. குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டுகிற என்சைமைக் கத்தரிபோல விட்டு நறுக்கி, துண்டுகளை ஜெல் என்கிற வழுவழுப்பான பலகையின் ஓரத்துக் குழிகளில் ஊற்றி, மின்சாரம் பாய்ச்சினால், குட்டித் துண்டு குடுகுடுவென்று முன்னால் ஓடும், பெரியது மூச்சு வாங்கிப் பின்னால் நிற்கும், நின்ற இடம் ஒரு கோடாகத் தெரியும், அதைப் பார்த்து நீளம் சொல்லலாம், நீளங்களைக் கூட்டிக் கழித்து எங்கெங்கே வெட்டு விழுந்தது என்று படம் போடலாம். "இது நூல் மாதிரி நீட்டமா இருக்கும்" என்று சொல்லித்தான் எங்கள் ஆய்வுக்கூடத்துத் தலைவி மேடம் கொடுத்தார். நூல் என்றால் ஒரு வெட்டுக்கு இரண்டு துண்டு, இதற்குப் பழமொழியே இருக்கிறது. முதல் என்சைமை விட்டேன், ஒரே ஒரு கோடு. வெட்டவில்லை போல என்று இரண்டாவதை விட்டேன், அதே இடத்தில் அதே ஒரு கோடு. கடுப்பில் இரண்டையும் சேர்த்து விட்டேன், பளிச்சென்று இரண்டு கோடு, கூட்டினால் பழைய முழு நீளம். தனித்தனியா விட்டா ஒரு துரும்பக்கூடக் கிள்ளிப் போடாத ரெண்டு பேரு, சேத்து விட்டா மட்டும் வெட்டுறாங்கன்னா இது என்ன கூத்து மாமா? வெட்டாத சரக்கைப் பக்கத்துக் குழியில் ஓட்டினால் அது சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் நிற்கிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வரலன்னா வேற ஆளப் போட்டுக்கறேன், நீங்க வீட்டுக்குக் கிளம்பலாம்" என்றார் மேடம். வீட்டுக்குக் கிளம்பினால் கல்யாணத் தரகர் வாசலிலேயே நிற்பார் என்று தங்களுக்குத் தெரியும். நான் அழாத குறை.

வியாழக்கிழமை அத்தை போன் செய்தார். குளியலறையில் வழுக்கி விழுந்தது, கை வீங்கி வளையல் கழல மறுத்தது, நர்ஸ் அதை வெட்டி எடுத்தது, தாங்கள் நர்ஸை மறித்து "வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு. இன்னொரு துண்டு எங்கம்மா?" என்று கேட்டுக் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடியது, வார்டே சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னார். "அடியே, வட்டமா இருக்கறத ஒரு எடத்துல வெட்டினா வாயத்தான் பொளக்கும், ரெண்டாவா விழும்?" என்றார். நான் போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். (அத்தை பேசிக்கொண்டேதான் இருந்தார், கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.) என் டி.என்.ஏ. நூலே இல்லை மாமா, வளையல். ஒவ்வொரு என்சைமும் ஒழுங்காக ஒரு வெட்டு வெட்டியிருக்கிறது, வட்டம் பிரிந்து ஒரே துண்டாக நின்றிருக்கிறது. இரண்டும் சேர்ந்து வெட்டியதும் இரண்டாகியிருக்கிறது. வெட்டாதது முறுக்கிச் சுருண்டு கிடந்ததால் வேறு இடத்துக்கு நழுவியிருக்கிறது. இன்று காலை வட்டமாகப் படம் போட்டு மேடத்திடம் நீட்டினேன். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, இன்று பார்த்தேன்.

தாங்கள் அந்தக் கட்டிலுக்கடியில் தவழாமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். மனசார நன்றி மாமா. அந்தப் பழமொழியை மட்டும் இனி விட்டுவிடுங்கள், அது ஊருக்கு உதவாது. நர்ஸிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள். அத்தையின் கை பழையபடி தங்களை அதட்டும் பலம் பெற வேண்டிக்கொண்டு, தங்கள் பாதங்களை இங்கிருந்தே தொட்டு முடிக்கிறேன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மேடம் கூப்பிட்டார். நான் இத்தனை நாள் வெட்டியது என் குழாயில் இருந்த சரக்கே இல்லையாம். பக்கத்து மேசை அண்ணன் எங்கோ வைத்துவிட்டு மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த அவருடைய வட்டமாம். ஃப்ரீசரில் குழாய் மாற்றி எடுத்திருக்கிறேன். அவர் கண் கலங்கி எனக்கு நன்றி சொல்கிறார். என் நூல் ஒரு வெட்டும் படாமல் உள்ளேயே கிடக்கிறது. "அடுத்த வெள்ளிக்கிழமை" என்றார் மேடம், இந்த முறை சிரிக்காமல். ஆகவே பழமொழியைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நூலுன்னா வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டுதான் மாமா. கோவத்த விட்டுட்டு அம்மா வீட்டுக்கு ஒருதடவ போயி, அவ இன்னும் ஆராய்ச்சியிலதான் இருப்பான்னு அன்னிக்குப் பேசின அதே மாதிரி சொல்லிட்டு வந்துருங்க.