பேட்டரிக்குக் காவல்

என் அனுமதியில்லாமல் இனி இந்த வண்டிக்குள் ஒரு பல்புகூடக் கண் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன்.

எங்கள் வீடு ஒரு பழைய பள்ளிக்கூட வேன். பிழைதிருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கட்டிலும் அடுப்பும் வைத்துக் குடியேறினோம். கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கடியில் பேட்டரி, அதில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்ட ஒரு மீட்டர். முன்பு ஒற்றுப்பிழை தேடிய கண்கள் இப்போது அந்த மீட்டரைவிட்டு அகலுவதில்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. குட்டி ஃப்ரிட்ஜில் இருப்பது என் மனைவியின் இன்சுலின். நாலு நாளாக அடைமழை. கடைக்குப் போகும் பாலம் வெள்ளத்துக்கடியில். ஃப்ரிட்ஜ் நின்றால் மருந்து என்னாகும்? மருந்து கெட்டால் அவள்? அந்த வாக்கியத்துக்கு மட்டும் என்னால் முற்றுப்புள்ளி வைக்க முடியவில்லை.

"என்னங்க, ஃபேன் ஏன் ஓடல?"

"நிறுத்திட்டேன். முப்பதுக்கு இறங்கிடுச்சு."

"எது, உங்க வயசா?"

"பேட்டரி. சிரிக்காதே. எனக்குக் கை நடுங்குது."

"நடுங்க கரண்ட் வேண்டாமா?"

"மிக்ஸியைத் தொட்டே, அப்புறம்..."

"அப்புறம்?"

"தொடாதேன்னு கெஞ்சுவேன்."

விளக்கை அணைத்தேன். போன் சார்ஜரைப் பிடுங்கினேன். அப்படியும் எண் இறங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் கண்ணுக்கோ எரிவதெல்லாம் பேய்.

பொழுது சாயும் நேரம் மீட்டரே அணைந்துபோனது. ஓடிப்போய் ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டேன். உள்ளே ஏதோ முனகியது.

"அதை ஏன் கட்டிப்பிடிச்சுட்டு அழறீங்க?"

"கடைசி மூச்சு வாங்குது. உன் மருந்து..."

பின்னால் மிக்ஸி அலறியது. கூடவே நானும் அலறினேன். நான் நிறுத்தியபிறகும் மிக்ஸி நிறுத்தவில்லை. ஃப்ரிட்ஜும் நிம்மதியாக முனகிக்கொண்டிருந்தது.

தக்காளியை அரைத்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "மழைக்கு முந்தின நாள் நீங்க கண் ஆஸ்பத்திரிக்குப் போனப்பவே என் தம்பி வந்து புது பேட்டரி வச்சுட்டான். பெருசு. இன்னும் ஒரு வாரம் மழை பெஞ்சாலும் தாங்கும். கூரைத் தகடும் அதோடதான் சேர்த்திருக்கான்."

"எங்கே இருக்கு?"

"தினமும் நீங்க மீட்டர் பாக்க உக்காருற சீட்டுக்கு அடியில."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அதுக்கும் காவல் உக்காருவீங்க. பழசுல உயிர் இல்ல, கழற்றிடலாமான்னு தம்பி கேட்டான். நான்தான், இருக்கட்டும்டா, ரிட்டயரான மனுஷன், கைக்கு ஒரு வேலை வேணும்னு சொன்னேன்."

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். "அப்போ நான் உயிரைக் கையில பிடிச்சுக் காத்த பேட்டரியில என்னதான் ஓடிச்சு?"

அணைந்துபோன மீட்டரை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இது மட்டும்தான்."