பன்னிரண்டு செடிகளும் நலம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தங்கையும் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? உங்கள் மருமகள், அதாவது என் மகள், ஆராய்ச்சிக்கு வளர்க்கும் பன்னிரண்டு மிளகாய்ச் செடிகளும் நலம். அதுதான் இப்போது வீட்டில் பெரிய துக்கம்.

போன வாரம் அவள் கருத்தரங்குக்குக் கிளம்பினாள். செடிகள் இருக்கும் கண்ணாடிக்கூடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர் லீவு. "மூணு வருஷ உழைப்புப்பா, கண்ணு மாதிரி பாத்துக்கங்க" என்று சாவியைக் கொடுத்தாள். நானும் பார்த்தேன். இரண்டாம் நாளே இலையெல்லாம் சுருண்டு மஞ்சளாகிவிட்டது. நாற்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன், நிழலில் வைத்தேன், ம்ஹூம். வேறு வழியில்லாமல் நர்சரியில் அதே உயரத்துக்குப் பன்னிரண்டு செடி வாங்கி, எண் அட்டைகூடப் பிசகாமல் மாற்றி வைத்துவிட்டேன். பழையதை எங்கே ஒளித்தேன் என்பதெல்லாம் கடிதத்தில் எழுதுகிற விஷயமில்லை.

வந்தாள், பார்த்தாள், தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "ஒண்ணுக்குக்கூட நோய் வரலையேப்பா!" எனக்குத் தலை சுற்றியது. விசாரித்தால், மிளகாய்க்கு இலைச்சுருள் நோய் தருகிற வைரஸின் மரபணுவை ஓர் எழுத்து விடாமல் படித்தாளாம், இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் எழுத்து. படித்தோமா மூடி வைத்தோமா என்றில்லாமல், அதைப் பார்த்து அச்சாக அதே மாதிரி ஒன்று தயார் பண்ணி, நல்லா இருந்த செடிக்கெல்லாம் ஊருக்குக் கிளம்புமுன்பே ஊசி போட்டிருக்கிறாள். செடி படுத்தால்தான் இவள் படித்தது சரியாம். நோய் வரவில்லை என்று அழுத ஆளை நான் டிஸ்பென்சரியில் பார்த்ததே கிடையாது மச்சான். உண்மையைச் சொல்லிடலாம்னா, இலை சுருண்டது வைரஸாலயா, நான் ஊத்துன தண்ணியாலயான்னு எனக்கே தெரியலை. இவளோ திங்கட்கிழமை ஆராய்ச்சியையே விட்டுவிடுவதாகக் கடிதம் கொடுக்கப் போகிறாள். தாய்மாமன் சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, பழியையும் முடிந்தால் நீங்களே ஏற்றுக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: வர வேண்டாம். உறையில் போடுமுன் உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்தாள், மனதுக்குள் அல்ல, உரக்க. ஒளித்த இடத்தை என்னிடம் கேட்டுக்கொண்டு, மகள் செருப்புக்கூடப் போடாமல் கண்ணாடிக்கூடத்துக்கு ஓடினாள். தூக்கிப் போட மனசு வராமல் அங்கேயே பின்னறை ஜன்னலோரம் உரமூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன். பன்னிரண்டும் சுருண்டு கிடந்தன. தண்ணி அதிகமானா இப்படிச் சுருளாதாம். "வந்துடுச்சுப்பா! எல்லாத்துக்கும் வந்துடுச்சு!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எதற்கென்று கேட்காதீர்கள். அந்த இலைகளில் இருக்கும் வைரஸின் மரபணுவை மறுபடி படித்து, அதே எழுத்துதானா என்று பார்க்க வேண்டுமாம். இன்னொரு பன்னிரண்டும் நடுகிறாள். தண்ணீர்க்காரர் இன்னும் வரவில்லை. சாவியை என் கையில் கொடுத்து, "தண்ணி மட்டும் ஊத்துங்கப்பா. எதையும் காப்பாத்திடாதீங்க" என்றாள்.