எலுமிச்சம்பழத்தில் வந்த ரத்தம்

கிள்ளான் கத்திச் சாமியின் புகழைக் கோலாலம்பூர் வரை கொண்டுவந்தது வாட்ஸ்அப்தான். அவர் எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் கொட்டும். நோயாளியின் உடம்பிலிருந்து பேய் குடித்த ரத்தமாம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது. படித்தவர்கள் முன்கூட்டியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மலரும் அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடமாக முகம் வெளுத்திருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. காரணமில்லாமல் அழுகை வந்தது. பெற்ற பிள்ளைகளின் பேச்சுகூட இரைச்சலாகப் பட்டது. கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார்கள். சாமி தடுத்துவிட்டார்.

"ஊசியில ஒரு சொட்டு போனாலும் பேய் ருசி கண்டுடும்மா. அப்புறம் உயிர் தங்காது."

கணவன் பக்கிரிசாமி பயந்துபோய்ப் பரிசோதனையே வேண்டாம் என்றுவிட்டான். நெஞ்செரிச்சலுக்கு மலர் வருடக்கணக்காகத் தானே வாங்கி விழுங்கிய மாத்திரையைப் பற்றிச் சாமி கேட்கவே இல்லை. பேய்களுக்கு நெஞ்செரிச்சல் வராதோ என்னவோ.

கணவனோடு துணைக்கு வந்திருந்தவள் பக்கத்து வீட்டு உர்சுலா. செவ்வாய்க்கிழமை தேவாலயத்தில் நவநாள் ஜெபத்துக்குத் தவறாதவள். மலருக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பவளும் அவள்தான்.

சாமி மலரின் தலைக்கு மேல் பழத்தை அறுத்தார். சிவப்பாகச் சொட்டியது. கூட்டம் அலறியது. மலர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சாமி, இன்னொரு பழத்த என் கத்தியில வெட்டுங்க லா," என்று உர்சுலா பையிலிருந்து சமையல் கத்தியை எடுத்தாள்.

"அது தீட்டுக் கத்தி!"

"காலையிலதான் சோப்பு போட்டுக் கழுவுனேன்."

யாரோ சிரித்தார்கள். பக்கிரிசாமியே அந்தக் கத்தியை வாங்கி இன்னொரு பழத்தை வெட்டினான். வெறும் சாறுதான் வந்தது.

"பேய் ஓடிடுச்சு!" என்றார் சாமி, சற்றும் தயங்காமல்.

"நல்லதாப் போச்சு. இப்ப உங்க கத்தியக் கொஞ்சம் குடுங்க."

சாமி கத்தியை மடியில் செருகப் பார்த்தார். பக்கிரிசாமி பிடுங்கிக் கொடுத்தான். உர்சுலா அதை ஈரக் கைக்குட்டையால் துடைத்தாள். மங்கலான ஊதாக் கறை படிந்தது. அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தாள். கறை ரத்தமாகச் சிவந்தது.

"என் கைக்குட்டைக்கு யாரு சாமி செய்வினை வச்சா?"

சாமி பின்வாசலைப் பார்த்தார்.

"செம்பருத்திச் சாறு அக்கா," என்றாள் உர்சுலா கூட்டத்தைப் பார்த்து. "கத்தியில தடவிக் காயவச்சா, புளிப்பு பட்டதும் செவக்கும். பின்னால செடியில ஒரு பூ மிச்சமில்ல, போய்ப் பாருங்க."

சாமி பின்வாசல் வழியாகப் போய்விட்டார், செடியைப் பார்க்க அல்ல. முன்வரிசை ஆன்டி ஒருவர் பக்தியோடு உர்சுலாவை நெருங்கினார்.

"நீங்க எந்தக் கிழமையில குறி சொல்வீங்கம்மா?"

உர்சுலா மலருக்குக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் கிளினிக்கில் பக்கிரிசாமி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். பேய் வரவில்லை. சில நாளில் முடிவு வந்தது: பி12 சத்தும் இரும்புச்சத்தும் மிகவும் குறைவு.

"வயித்து அமிலத்த வருஷக்கணக்கா மாத்திரையால அடக்குனா, சிலருக்குச் சாப்பாட்டுல உள்ள இந்தச் சத்தெல்லாம் ஒடம்புல சரியா சேராது," என்றார் டாக்டர். "ரத்தம் கொறையும், மனசும் சோர்ந்துடும். நீங்களா மாத்திரை போடவும் வேணாம், நீங்களா நிறுத்தவும் வேணாம். நான் பாத்துக் கொறைக்கிறேன்."

சில மாதங்களில் மலர் பிள்ளைகளோடு சத்தமாகச் சிரித்தாள். அம்மனுக்கு விளக்கும் ஏற்றினாள். ரத்தப் பரிசோதனை செய்ததற்காக அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

கும்பிடும்போது கண்ணை மூடுங்கள், தவறில்லை. ஒருவன் உங்கள் தலைக்கு மேல் கத்தியைத் தூக்கும்போதாவது திறந்து வையுங்கள்.